முப்பத்தொரு நாள்

ஏப்ரல் முப்பது, சாயங்காலம் நாலு மணிக்கு
கிளார்க் தவசிமுத்து ஸ்டோர் ரூம் சாவியை வாங்கிக்கொண்டார்.
முழங்கால் உறை பதினாலு ஜோடி,
ஸ்டாப் வாட்ச் இரண்டு (ஒன்று ஓடாது),
விசில் ஒன்று.
விசிலைக் கழுவித்தான் கொடுத்தேன்.

ஜூன் ஒன்று முதல் ஏப்ரல் முப்பது வரை என்று
ஒன்பது தாள் கிடக்கிறது வீட்டு பீரோவில்.
கேட்கிற இடத்தில் ஒன்பது வருஷ அனுபவம் என்று எழுதுகிறேன்.
பொய்.
பதினோரு மாத அனுபவம்,
ஒன்பது தடவை.

மே மாதத்துக்குத் தாள் கிடையாது.
மே மாதம் பாளையங்கோட்டையில் வெயில் இருக்கும்.
மார்க்கெட் முக்கில் நுங்கு இருக்கும்.
பன்னிரண்டாவது சம்பளச் சீட்டு எங்கே என்று
என் பைலைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்
வங்கி மேனேஜர் இருப்பார்.
கபடி கோச் ஜெபக்கனி இருக்க மாட்டாள்.

செயலர் முகம் சுளிக்காமல்தான் சொன்னார்:
'மே மாசம் நீங்க கிரவுண்டுல நின்னா
தொடர்ச்சின்னு ஆயிரும் பாத்துக்கிடுங்க.
நாளைக்கே கோர்ட்டுக்குப் போவீங்க.'
எனக்குத் தோன்றியிராத யோசனை அது.

மூன்றாம் வாரம் சுரண்டையில் மின்னொளிப் போட்டி.
பயிற்சியாளர் என்ற கட்டத்தில்
கணிதத்துறை ஆறுமுகநயினார் சாரின் கையெழுத்து.
தங்கமான மனுஷன். நிரந்தரம்.
ஓய்வு பெறப்போகும் தேதிகூட அவருக்குத் தெரியும்.
நான் நாற்பது ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து
கேலரியில் நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன்.
பக்கத்து ஆள் அவித்த கடலையை நீட்டி
'எந்த டீமுக்கு?' என்றார்.
'சும்மா வந்தேன்.'

டைம் அவுட்டில் நயினார் சார்
பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்து,
பலகையைப் பார்த்து, யோசித்து,
'இன்னும் மூணு எடுத்தா சமம்மா' என்றார்.
கணக்கு சரிதான்.

முப்பிடாதி பாடப் போனாள்.
எதிர்ப்பக்கம் இடது மூலைக்காரியின் குதிகால்
சற்றே தூக்கியிருந்தது, பாயப்போகிறவள் குதிகால்.
பார்த்தாயா, பார்த்தாயா.
போகிற போக்கில் முப்பிடாதி தலை நிமிர்த்தி
கேலரியில் என்னைத் தேடினாள்.
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.
கபடி கபடி கபடி
மூச்சு அறாமல் கோட்டுக்குத் திரும்பினால் உயிர்.
நானும்தான் பதினோரு மாதம் பாடுகிறேன்.
என் நடுக்கோட்டை மட்டும்
ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

படம் பிடித்து முடித்தபிறகு தேடி வந்தாள்.
மேடம் என்று ஆரம்பித்து, அக்கா என்று மாற்றி,
இரண்டும் ஒட்டாமல் நின்றாள்.
முட்டியில் மண்ணும் ரத்தமும்.
'செயலர் ஐயா கூப்பிட்டுப் பேசுனாவ.
படிப்பு முடிஞ்சிட்டுல்லா,
ஜூன்லேர்ந்து டீம நீயே பாத்துக்கிடுதியான்னு கேக்காவ.
எட்டாயிரமாம்.'

எனக்குப் பன்னிரண்டு.

'நீ என்ன சொன்ன?'
'ஒங்கள்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன்.'

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.
பசிதான் வந்தது.
அவள் அப்பாவுக்கு ஆலங்குளத்தில்
பீடி இலை வெட்டுகிற வேலையும் நின்றுவிட்டது,
எட்டாயிரம் பெரிய தொகை.

'எத்தன மாசத்துக்குன்னு சொன்னாவளா?'
'அதக் கேக்கலியே.'
'கேளு.
பன்னெண்டுன்னு எழுதி வாங்கு.'
சொன்னபிறகுதான்
ஒன்பது வருஷமாக நானும் அதைக் கேட்டதில்லை
என்று ஞாபகம் வந்தது.

நயினார் சார் தன் காரில் போய்விட்டார்.
'ஏறுங்கக்கா' என்று வேனிலிருந்து பிள்ளைகள் கத்தினார்கள்.
பயணப் பட்டியலில் பேர் இல்லையே என்று
டிரைவர் தலையைச் சொறிந்தார்.
முன்சீட்டில் கோப்பையை உட்காரவைத்து
பெல்ட் போட்டிருந்தார்கள்.